சம்பளச் சீட்டில் ஒளிந்திருந்த பாகுபாடு: கிளாஸ்கோ மாநகராட்சிப் பெண் ஊழியர்களின் வழக்கு

2018 அக்டோபர் 23, செவ்வாய்க்கிழமை. பொழுது விடியும் முன்பே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் குப்பை வண்டிக் கிடங்குகளின் வாயிலில் பெண்கள் வந்து நின்றார்கள். வீட்டுக்கு வீடு போய் முதியோரைப் பராமரிப்பவர்கள், பள்ளிக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், பிள்ளைகளுக்குச் சமைத்துப் பரிமாறுபவர்கள். எல்லோரும் மாநகராட்சி ஊழியர்கள். அன்று அவர்களுக்கு வேலைநிறுத்தம். கிடங்குக்கு வேலைக்கு வந்த ஆண்களுக்கு வேலைநிறுத்தம் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் வரிசையைத் தாண்டி உள்ளே போக அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 600 பேர். வண்டிகள் கிடங்கிலேயே நின்றன.

அந்த ஆண்கள் வாங்கும் சம்பளத்தைச் சுட்டிக்காட்டித்தான் அந்தப் பெண்கள் பல ஆண்டுகளாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். "அவர்கள் வேலைக்கு ஈடானதுதான் எங்கள் வேலையும், பிறகு ஏன் எங்களுக்குக் குறைவு?" என்பதே வழக்கின் சாரம். யாரோடு ஒப்பிட்டு நியாயம் கேட்டார்களோ அவர்களே வாயிலில் உடன் நின்றார்கள். உள்ளாட்சி ஊழியர்களிடையே சமத்துவம் என்று பேச வேண்டிய இடத்திலெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வாயில்தான். ஏனென்றால், இந்த வழக்கில் ஆண் தொழிலாளர் எவரும் குற்றவாளி இல்லை. பாகுபாடு ஒரு கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அது அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது, அதை வெளியே எடுக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

ஒரே தரம், இரண்டு சம்பளம்

பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970இல் நிறைவேறியது; 1975 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. முதலில் அது ஒரே மாதிரியான வேலையைச் செய்பவர்களுக்கும், முதலாளியே சமம் என்று மதிப்பிட்ட வேலைகளைச் செய்பவர்களுக்கும் மட்டுமே பொருந்தியது. பெண்கள் சமையற்கட்டிலும் ஆண்கள் வண்டியிலும் வேலை செய்யும் ஒரு மாநகராட்சியில் "ஒரே மாதிரியான வேலை" என்பதை எங்கே தேடுவது? ஐரோப்பிய நீதிமன்றம் 1982இல் பிரிட்டனின் சட்டம் போதாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு, 1984 தொடக்கத்திலிருந்து, வேலை வேறாக இருந்தாலும் அதன் மதிப்பு சமமானால் ஊதியமும் சமமாக இருக்க வேண்டும் என்று ஆனது. "சம மதிப்பு" என்ற இந்தச் சொல்தான் பிறகு வந்த எல்லா வழக்குகளுக்கும் அச்சாணி.

1987இல் பிரிட்டிஷ் உள்ளாட்சிகளின் உடலுழைப்புப் பணிகள் அனைத்தும் நாடு தழுவிய அளவில் மதிப்பிடப்பட்டன. வீட்டுப் பராமரிப்புப் பெண்களின் வேலை அதில் நன்றாகவே உயர்ந்தது. முன்பு அவர்களுக்கு மேலே இருந்த ஆண்களின் வேலைகள் பலவற்றுக்கு இணையான தரம் அவர்களுக்குக் கிடைத்தது. காகிதத்தில் நியாயம் வந்துவிட்டது. கையில் வாங்கிய பணத்தில் மட்டும் வரவில்லை.

இதற்குக் காரணம் போனஸ். 1967இல் அரசின் விலை, வருமான வாரியம் உள்ளாட்சித் தொழிலாளர்களின் குறைந்த சம்பளத்தை ஆராய்ந்து, உற்பத்தித் திறனுக்கு ஊக்கத்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தது. எத்தனை தொட்டி குப்பை அள்ளினார்கள், எத்தனை கஜம் புல் வெட்டினார்கள், எத்தனை மீட்டர் சாலை செப்பனிட்டார்கள் என்று அளக்க முடிந்த வேலைகளுக்குப் போனஸ் வந்தது. அவை பெரும்பாலும் ஆண்களின் வேலைகள். பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, இரண்டு வாய் கஞ்சி ஊட்டுவதை எந்த அளவுகோலால் அளப்பது? அளக்க முடியாததால் அதற்குப் போனஸ் இல்லை. காலப்போக்கில் உற்பத்திக்கும் போனஸுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோய், அது மாதாமாதம் தானாகவே வரும் சம்பளமாகிவிட்டது. உள்ளாட்சிகள் அதைத் தெரிந்தே தொடர்ந்தன.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி வழக்கில் வெளிவந்த ஓர் உதாரணம் போதும். ஒரே ஊதியத் தரத்தில் இருந்த குப்பை அள்ளும் தொழிலாளர் ஒருவர் ஓராண்டில் 51,000 பவுண்டு வாங்கியிருந்தார். அதே தரத்தில் இருந்த பெண்களுக்குக் கிடைத்தது 12,000 பவுண்டுக்கும் குறைவு. அங்கே சில ஆண்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 160 விழுக்காடு வரை போனஸ் கிடைத்தது. ஊதிய அட்டவணையை மட்டும் பார்த்தவர் அங்கே முழுச் சமத்துவம் நிலவுவதாக எழுதியிருப்பார்.

இடையில் இன்னொரு திசையிலிருந்தும் அடி விழுந்தது. 1988க்குப் பிறகு உள்ளாட்சிகள் தங்கள் சேவைகளைத் தனியாருடன் போட்டியிட்டு ஒப்பந்தப்புள்ளி மூலம் பெற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில் தனியாரோடு போட்டிபோட வேண்டுமென்று பள்ளி உணவுப் பணிப்பெண்களின் கூலியைக் குறைத்தது. தரத்தில் அவர்களுக்குச் சமமான ஆண்களின் கூலி அப்படியே இருந்தது. "சந்தையில் இந்த வேலைக்கு இவ்வளவுதான் கொடுக்கிறார்கள்" என்பது கவுன்சிலின் வாதம். அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 1995இல் அதை ஏற்கவில்லை. பெண்களின் உழைப்பைச் சந்தை மலிவாக வாங்குகிறது என்பதே ஒழிக்க வேண்டிய பாகுபாடாக இருக்கும்போது, அதையே காரணமாகக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உட்பொருள். என் பார்வையில் இந்தத் துறையில் வந்த தீர்ப்புகளில் மிகத் தெளிவானது இதுதான்.

ஸ்காட்லாந்து ஒப்பந்தமும் கிளாஸ்கோவின் சொந்தத் திட்டமும்

உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு ஒரு விதி, அலுவலக ஊழியர்களுக்கு வேறு விதி என்றிருந்ததை நீக்கி, எல்லோரையும் ஒரே ஊதியக் கட்டமைப்புக்குள் கொண்டுவர உள்ளாட்சிகளும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டன. இங்கிலாந்தில் 1997இலும் ஸ்காட்லாந்தில் 1999இலும் இந்த ஒப்பந்தம் ஏற்பட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதற்கென்று மத்திய அரசு தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. பெண்களின் சம்பளத்தை உயர்த்தினால் செலவு. ஆண்களின் போனஸை வெட்டினால் வேலைநிறுத்தம். இரண்டுக்கும் அஞ்சிய கவுன்சில்கள் தள்ளிப்போட்டன. கெடு முடிந்தது, நீட்டித்தார்கள், அதுவும் முடிந்தது.

அந்த நேரத்தில் ஸ்டெஃபன் கிராஸ் என்ற வழக்குரைஞர், வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டில் இங்கிலாந்தின் வடகிழக்கில் பெண் ஊழியர்களின் வழக்குகளை எடுத்து நடத்தத் தொடங்கினார். பிறகு ஸ்காட்லாந்துக்கும் வந்தார். கிளாஸ்கோ மாநகராட்சி 2005 இறுதியில் பெண்களை அழைத்து, ஒரு தொகையைக் கொடுத்து, பழைய கோரிக்கைகளைக் கைவிடுவதாகக் கையெழுத்து வாங்கியது. அடுத்து 2006இல் தனக்கென்று ஒரு புதிய பணி மதிப்பீட்டு, ஊதியத் திட்டத்தை உருவாக்கியது. ஸ்காட்லாந்து உள்ளாட்சிகளுக்கென்று பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீட்டு முறை ஒன்று கையில் இருக்கும்போதே அதை விட்டுவிட்டுத் தனி வழி போனார்கள். அந்தத் தனி வழிதான் அடுத்த பதினெட்டு ஆண்டுகளின் தலைவலி.

37 மணி நேரம்

இந்த ஒரு விதியைக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் நவீனப் பாகுபாடு எப்படி வேலை செய்கிறது என்பது இதில் முழுசாகத் தெரிகிறது.

கிளாஸ்கோவின் திட்டத்தில் அடிப்படை ஊதியத்துக்குத் தனிப் புள்ளி. அதற்கு மேல் வேலை நேரம், வேலைச் சூழல், வேலை முறை ஆகியவற்றுக்குத் தனிப் புள்ளிகள். புள்ளி கூடினால் பணம் கூடும். அந்தக் கூடுதல் புள்ளிகளில் ஒன்று, வாரத்துக்கு 37 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு. ஆண், பெண் என்ற சொல்லே அந்த விதியில் இல்லை. படித்துப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தவறாகத் தோன்றாது.

இப்போது ஒரு வீட்டுப் பராமரிப்புப் பணியாளரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு முதல் வீடு. கதவருகே எண் போட்டுத் திறக்கும் சிறு பெட்டியில் சாவி இருக்கும். உள்ளே போய் விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். இரவில் நனைந்த விரிப்பை மாற்ற வேண்டும். மாத்திரைகளைச் சரியாகக் கொடுத்து அட்டையில் குறிக்க வேண்டும். கால் வீங்கியிருக்கிறதா, நேற்றுப் பேசியவர் இன்று குழறுகிறாரா என்று கவனிக்க வேண்டும். பிறகு அடுத்த வீடு. கிளாஸ்கோவின் பழைய கல் குடியிருப்புகளில் மாடிப்படிதான்; நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். முதியவர்களுக்கு உதவி தேவைப்படுவது எழும்போதும் உண்ணும்போதும் படுக்கும்போதும். ஆகவே இந்த வேலை இயல்பாகவே துண்டு துண்டாக, காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்றுதான் அமையும். பள்ளி உணவுப் பணியும் அப்படியே. மதிய உணவைச் சுற்றியுள்ள சில மணி நேரம். துப்புரவு என்றால் கட்டடம் காலியாக இருக்கும் விடிகாலை அல்லது மாலை. அதோடு வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய பொறுப்பும் பெண்கள் தலையிலேயே இருந்ததால், பகுதிநேர வேலையைத்தான் பலரால் ஏற்க முடிந்தது.

ஆக, 37 மணி நேர விதியின் பலன் யாருக்குப் போகும் என்பது அதை எழுதிய நாளிலேயே முடிவாகிவிட்டது. மேலோட்டமாக நடுநிலையான ஒரு நிபந்தனை, நடைமுறையில் ஒரு பாலாரை ஒதுக்கித் தள்ளினால் சட்டம் அதை மறைமுகப் பாகுபாடு என்கிறது. இந்தத் திட்டத்தால், சமமான மதிப்புள்ள வேலைகளில் இருந்த ஆண்களைவிடப் பெண்கள் மணிக்கு 3 பவுண்டு வரை குறைவாக வாங்கினார்கள் என்பது தொழிலாளர் தரப்பின் கணக்கு. மணிக்கு 3 பவுண்டு என்பது சிறிய தொகையாகத் தெரியலாம். ஒரு வாரம், ஒரு மாதம், பத்தாண்டு என்று பெருக்கினால் அது ஒரு வீட்டின் அடமானக் கடன். ஒரு பிள்ளையின் படிப்பு. ஓய்வூதியம் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், அந்தக் குறை சாகும்வரை தொடரும்.

இழந்தவருக்கு இழப்பீடு, இழக்காதவருக்கு எதுவும் இல்லை

புதிய திட்டத்தால் போனஸ் இழக்கும் தொழிலாளர்களுக்கு, இடைக்காலமாக மூன்றாண்டுகள் பழைய வருமானம் பாதுகாக்கப்பட்டது. மனிதாபிமானமான ஏற்பாடு என்றே தோன்றும். நேற்றுவரை வந்த பணத்தைத் திடீரென நிறுத்தினால் குடும்பம் என்ன செய்யும்? ஆனால் பெண்களுக்கு அந்தப் போனஸே சட்டப்படி வந்திருக்க வேண்டியது. வராமல் போனது பாகுபாட்டால். எப்போதும் கிடைக்காத ஒன்றை இழக்க முடியாது அல்லவா? எனவே பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. பழைய அநீதியைத் துடைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, அதே அநீதியின் பலனை இன்னும் மூன்றாண்டுக்கு ஆண்களுக்கு மட்டும் நீட்டித்தார்கள்.

இந்த இடத்தில் தொழிற்சங்கங்களையும் விட்டுவிட முடியாது. போனஸ்களைப் பேசி வாங்கியவர்கள் அவர்கள். உறுப்பினர் கூட்டங்களில் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் முழுநேர ஆண் தொழிலாளர்கள். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில், ஆண்களின் வருமானப் பாதுகாப்புக்கு முன்னுரிமை கொடுத்து, பெண்களைக் குறைந்த நிலுவைத் தொகைக்குச் சம்மதிக்க வைத்த ஜி.எம்.பி. சங்கமே பாகுபாடு காட்டியதாக 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் சங்கத்தின் மீதே பெண்கள் வழக்குப்போட்டு வென்றார்கள். பத்தாண்டு கழித்துக் கிளாஸ்கோவில் அதே சங்கம் அதே வகைப் பெண்களைத் திரட்டி வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியது. அந்த மாற்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அது ஒரு தோல்வியிலிருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீதிமன்றத்தில் கழிந்த ஆண்டுகள்

வழக்கின் நடுவே மாநகராட்சி பராமரிப்பு, சமையல், துப்புரவுப் பணிகளைக் கார்டியா என்ற தன் சொந்த நிறுவனத்துக்கு மாற்றியிருந்தது. மேலாண்மைக் காரணங்கள் என்ன இருந்தாலும், இதன் விளைவு ஒன்றுதான்: பெண்கள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள், ஒப்பிட வேண்டிய ஆண்கள் மாநகராட்சியின் ஊழியர்கள். முதலாளியே வேறு என்றால் யாரோடு யாரை ஒப்பிடுவது? அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே தனியாக ஒரு சுற்று வழக்கு நடந்தது. 2014இல் ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன், இவை இணைந்த முதலாளிகளே, ஒப்பிடலாம் என்றது.

2017இல் அதே நீதிமன்றத்திலிருந்து இரண்டு அடிகள். மே மாதம், வருமானப் பாதுகாப்பு ஏற்பாடு குறித்து மாநகராட்சி தோற்றது. ஆகஸ்டில் வந்தது பெரிய தீர்ப்பு. சட்டம் கேட்கும் தரத்தில் ஒரு பணி மதிப்பீடு செய்திருந்தால், அதன் முடிவைக் காட்டி முதலாளி தப்பிக்கலாம். ஆனால் அந்த மதிப்பீடு நம்பத்தக்கது என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். கிளாஸ்கோ மாநகராட்சி அதை நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். திட்டத்தின் அடித்தளமே போய்விட்டது.

நிரூபிக்கும் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பது உலர்ந்த சட்ட நுணுக்கமாகத் தெரியலாம். பள்ளிச் சமையற்கட்டில் வேலை செய்யும் ஒரு பெண், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு புள்ளித் திட்டத்தில் எங்கே ஓட்டை என்று எப்படிக் காட்டுவார்? அந்தத் திட்டத்தை எழுதியவர்களிடம்தான் எல்லா ஆவணங்களும் இருக்கின்றன. பொறுப்பை முதலாளியிடம் வைத்ததால்தான் இந்த வழக்கு வென்றது.

அந்த மே மாதமே நகரின் ஆட்சியும் மாறியிருந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டு தொழிற்கட்சி ஆட்சி முடிந்து, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி பொறுப்புக்கு வந்தது. புதிய தலைவர் சூசன் எய்ட்கன் வழக்கைத் தீர்த்துவைப்பதாக வாக்களித்திருந்தார். 2018 தொடக்கத்தில் மேல்முறையீட்டு முயற்சியைக் கைவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். கார்டியா நிறுவனமும் அந்த ஆண்டே கலைக்கப்பட்டு, ஊழியர்கள் மாநகராட்சிக் குடைக்குள் திரும்பினார்கள். ஆனால் பேச்சுவார்த்தை நகரவில்லை. மாதத்துக்கு மாதம் கூட்டம் நடந்தது. தொகை பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை என்று பெண்கள் குறைப்பட்டார்கள். வாக்கெடுப்பில் ஜி.எம்.பி., யூனிசன் இரண்டு சங்கங்களிலும் ஏறத்தாழ ஒருமனதாக வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு வந்தது.

இரண்டு நாட்கள்

அக்டோபர் 23, 24. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைக்குப் போகவில்லை. நூற்றுக்கணக்கான தொடக்கப் பள்ளிகளும் மழலையர் பள்ளிகளும் மூடப்பட்டன. பிரிட்டனில் சம ஊதியத்துக்காக நடந்த வேலைநிறுத்தங்களில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள். கிளாஸ்கோ கிரீன் பூங்காவிலிருந்து ஜார்ஜ் சதுக்கம் வரை, மாநகராட்சித் தலைமையகத்தின் வாசல்வரை ஊர்வலம் போனது.

வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கு அந்த முடிவு எளிதாக இருந்திருக்காது. குப்பை இரண்டு நாள் கிடந்தால் நாறும். படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு இரண்டு நாள் யாரும் வராவிட்டால் என்ன ஆகும்? உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கென்று அவசர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இறங்கினார்கள். "உங்கள் பராமரிப்பில் இருப்பவர்களைக் கைவிடுகிறீர்களே" என்ற குற்ற உணர்வுதான் இத்தனை ஆண்டுகள் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. அன்பு வேலையின் ஒரு பகுதியாக இருக்கும் இடத்திலெல்லாம், அந்த அன்பையே காட்டிக் கூலியைக் குறைக்கிறார்கள்.

குப்பை வண்டித் தொழிலாளர்கள் வெளியே நின்றதைச் சட்டம் ஆதரிக்கவில்லை. வாக்கெடுப்பு இல்லாமல், வேறொருவரின் தகராறுக்காக வேலையை நிறுத்துவதற்குப் பிரிட்டிஷ் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. தங்கள் சம்பளத்துக்கும் வேலைக்கும் ஆபத்து என்று தெரிந்துதான் நின்றார்கள். 1915இல் இதே நகரத்தின் கோவன் பகுதியில் மேரி பார்பர் தலைமையில் பெண்கள் வாடகை உயர்வுக்கு எதிராகத் திரண்டபோது, கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள்; அந்த ஆண்டே வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் நடந்த அதே 2018இல், மார்ச் மாதம், கோவனில் மேரி பார்பருக்குச் சிலை திறந்திருந்தார்கள்.

கட்டடங்களை விற்ற கதை

2019 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளுக்கு 50 கோடி பவுண்டுக்கும் மேல். அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பணம் பட்டுவாடா ஆனது. இத்தனை பெரிய தொகை மாநகராட்சியின் கையில் இல்லை. எமிரேட்ஸ் அரங்கம் போன்ற சொந்தக் கட்டடங்களைத் தன் துணை நிறுவனத்துக்கு விற்று, அதே கட்டடங்களைத் திரும்ப வாடகைக்கு எடுத்துப் பணம் புரட்டினார்கள். புதிய மதிப்பீட்டு முறை உரிய காலத்தில் வராததால் பழைய சம்பளமே தொடர்ந்தது, பாகுபாடும் தொடர்ந்தது, நிலுவையும் ஏறியது. 2022இல் இரண்டாவது உடன்பாடு. மேலும் 20 கோடி பவுண்டுக்கு மேல். அம்முறை நகரின் பெருமையான கெல்வின்குரோவ் கலைக்கூடமே விற்று வாடகைக்கு எடுக்கும் பட்டியலில் வந்தது.

"பெண்களுக்குக் கொடுத்ததால் கலைக்கூடம் போயிற்று" என்று பேசியவர்கள் உண்டு. இந்தப் பேச்சை ஏற்கவே முடியாது. அது ஒவ்வொரு மாதமும் கொடுத்திருக்க வேண்டிய கூலி. கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்தப் பணத்தில்தான் நகரம் பல ஆண்டுகள் தன் வரவுசெலவைச் சமாளித்தது. வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள் அந்தத் துப்புரவுப் பெண்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஐந்தாண்டு நிலுவைதான் கேட்க முடியும் என்பதால், அதற்கு முந்தைய இழப்பு திரும்பவே வராது. காத்திருந்த காலத்தில் சிலர் இறந்தும் போனார்கள்.

பர்மிங்காம்: தீர்த்ததாக நினைத்ததன் விலை

கிளாஸ்கோவைத் தனிக் கதையாகப் பார்க்காமலிருக்கப் பர்மிங்காமையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரலில் அங்கே 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். வேலையை விட்டுப்போன பெண்கள் ஆறு மாதக் கெடு தாண்டியதால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாமல் சிவில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே ஆறாண்டு அவகாசம் உண்டு. 2012 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை அனுமதித்தது. வழக்குகள் பெருகின. 2015இல் நகரின் தேசியக் கண்காட்சி மையக் குழுமத்தை 30.7 கோடி பவுண்டுக்கு விற்றார்கள்.

பிறகும் பாடம் பதியவில்லை. 2017இல் குப்பைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முடிக்கச் செய்துகொண்ட ஏற்பாட்டில், குப்பை வண்டிகளில் ஆண்கள் நிறைந்த ஒரு பதவி மேல்தரத்தில் நிலைத்தது. குறித்த வேலை முடிந்ததும் முழுச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகும் வழக்கமும் சில பணிகளில் தொடர்ந்தது. பெண்கள் மறுபடியும் கணக்குக் கேட்டார்கள். 2023 செப்டம்பர் 5 அன்று மாநகராட்சி, அத்தியாவசியமற்ற புதுச் செலவுகளை நிறுத்தும் 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. சம ஊதியத்துக்காக அதுவரை கொடுத்தது சுமார் 110 கோடி பவுண்டு. இன்னும் 76 கோடி வரை ஆகலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். புதிய கணினி மென்பொருளில் ஏற்பட்ட பெருங்குழப்பமும், மத்திய அரசின் நிதி வெட்டுகளும் சேர்ந்துதான் நகரத்தைச் சாய்த்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து நடந்தது இன்னும் வருத்தமானது. சம ஊதியச் சிக்கலைக் காரணம் காட்டி அந்தக் குப்பை வண்டிப் பதவியை மாநகராட்சி நீக்க முனைந்தது. 2025 மார்ச் 11 முதல் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாத இறுதியில் பெரும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தெருக்களில் 17,000 டன் குப்பை குவிந்திருந்தது. சமத்துவத்தைக் கொண்டுவர ஆண்களின் சம்பளத்தைக் கீழே இறக்குவது என்ற வழியை ஒரு நிர்வாகம் எடுக்கும்போது, தொழிலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கிறார்கள். கிளாஸ்கோ கிடங்கு வாயிலில் 2018இல் பார்த்த காட்சிக்கு நேர் எதிர் இது.

அறிக்கைகளும் ஊதியப் பட்டியலும்

பிரிட்டனில் உள்ளாட்சிகளுக்குச் சமத்துவக் கடமை சட்டமாகவே இருக்கிறது. 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் 2011 ஏப்ரலிலிருந்து, பாகுபாட்டை ஒழிப்பதிலும் சமவாய்ப்பை வளர்ப்பதிலும் உரிய கவனம் செலுத்த வேண்டும். ஸ்காட்லாந்து விதிகள் 2012இல் இன்னும் ஒரு படி மேலே போயின. ஆண், பெண் ஊதிய இடைவெளியை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், சம ஊதியக் கொள்கை அறிக்கையை நான்காண்டுக்கு ஒருமுறையும் வெளியிட வேண்டும். எந்தப் பாலார் எந்த வேலையில் குவிந்திருக்கிறார்கள் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். நல்ல விதிகள். 37 மணி நேர விதியை மாநகராட்சி நீதிமன்றத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் கிளாஸ்கோ இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டே இருந்தது.

பன்மைத்துவப் பயிற்சி வகுப்புகளையும் கொள்கை அறிக்கைகளையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஊழியரை அவமதிக்கும் மேற்பார்வையாளருக்கு அவை தேவை. ஆனால் ஒரு மாநகராட்சி சமத்துவத்தில் அக்கறை உள்ளதா என்று அறிய எனக்கு மூன்று தாள்கள் போதும்: எந்தெந்த வேலைக்கு எந்தெந்தப் படி, போனஸ், மிகைநேரப் பணம் போகிறது என்ற பட்டியல்; அந்த வேலைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை; அந்தப் படிகளுக்கு இன்றைக்கும் காரணம் இருக்கிறதா என்று கடைசியாக யார், எப்போது கேட்டார்கள் என்ற குறிப்பு. மூன்றாவது தாள்தான் பெரும்பாலும் இருக்காது.

கிளாஸ்கோ தன் பழைய திட்டத்தைக் கைவிட்டு, 2006இல் ஒதுக்கிய அதே ஸ்காட்லாந்துப் பொது மதிப்பீட்டு முறைக்குத் திரும்பியது. அதில் பதின்மூன்று காரணிகள். உடல் உழைப்பு, அறிவு, நிதிப் பொறுப்பு ஆகியவற்றோடு, மனிதர்களோடு பழகுவதன் கடினம், பிறருக்கு அளிக்கும் சேவைக்கான பொறுப்பு ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வேலையைச் செய்பவரிடமே கேட்டு எழுதும் முறை அது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. குறித்த கெடுக்கள் பலமுறை தாண்டிப்போயின. ஆனாலும் முன்பு தொட்டியையும் கஜத்தையும் எண்ணியவர்கள் விட்டுவிட்ட கேள்விகள் இப்போது படிவத்தில் இருக்கின்றன. நீங்கள் போகும் வீட்டில் இருப்பவர் உங்களை அடையாளம் தெரியாமல் கத்தினால் என்ன செய்வீர்கள்? மாத்திரை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டால்? காலையில் கதவைத் திறக்கும்போது அவர் தரையில் கிடந்தால், முதல் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பது யார்?